துண்டுக்குள் மரத்த விரல்கள்

குந்தாரப்பள்ளிச் சந்தையில் தரகர் திம்மராயனைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் மாடு வாங்க வந்தவனில்லை, வழிதவறி வந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை உதறிவிட்டுக் கூலிக்கு மாடு ஓட்டியவர். சொந்தக் கையால் முன்னுக்கு வந்து மாடி வீடு கட்டியவர். சொந்தக் கை என்பது சும்மா பேச்சுக்கு இல்லை. அந்த வலது கைதான் முதல், அதுதான் கல்லாப்பெட்டி.

மாட்டு விலையை அங்கே வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேர் கையின் மேலும் துண்டு விழும். உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை ஆயிரம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. திம்மராயன் கண்ணை மூடிக்கொண்டு பேரம் முடிப்பார். கண் திறந்திருந்தால் விரல் சரியாகப் பேசாது என்பார்.

பொங்கலுக்குப் பிறகு பேரத்தில் அவர் கண்ணை மூடவே இல்லை. விரல் நுனிகள் வேறு யாரோ ஒருத்தருடையவை மாதிரி ஆகிவிட்டன. எதிராளியின் முழங்கை அசைவையும் முகத்தையும் பார்த்தே குத்துமதிப்பாக ஒப்பேற்றி வந்தார். வீட்டில் மூச்சு விடவில்லை.

முதலில் எரிச்சல்தான் இருந்தது. கையிலும் காலிலும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. மனைவி வெங்கடம்மாள் இழுத்துக்கொண்டு போய் ரத்தம் சோதிக்க வைத்தாள். சர்க்கரை என்றார்கள், ஆயுசுக்கும் மாத்திரை என்றார்கள். அரை மனதாக விழுங்கினார். ஒருநாள் எரிச்சல் தானாக நின்றது.

"பாத்தியா, போயிருச்சு! இந்த ஒடம்பு டாக்டருக்காகக் காத்துக்கினு இருக்காது" என்று மாத்திரையைத் தூக்கி அலமாரி மேல் போட்டார். எரிச்சல் போன இடத்தில் உணர்ச்சியும் சேர்ந்து போயிருந்தது அப்போது அவருக்குத் தெரியாது.

அவர் கண்ட நோய் வேறு. சின்ன வயதில் ஊரில் வாந்திபேதி வந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே வாரத்தில் போனார்கள். அவரையும் பாயில் போட்டது. கஞ்சித் தண்ணீர் குடித்து எழுந்து நடந்தார். நோய் என்றால் ஆளைக் கீழே தள்ள வேண்டும். ஒன்று சாவான், இல்லை எழுந்திருப்பான். காய்ச்சலும் இல்லாமல் வலியும் இல்லாமல், சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறவனிடம் வந்து உட்காரும் ஒன்றை நோய் என்று ஒப்புக்கொள்ள அவரால் முடியவில்லை. தெருவில் வீட்டுக்கு ஒரு மாத்திரை டப்பா வந்துவிட்டது. ஓசூர்க் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் மருமகன் சந்தோஷுக்கு முப்பத்திரண்டு வயதில் பிரஷர். "கம்பெனிச் சோத்து ஒடம்பு" என்று சிரித்தவர் அவர். இப்போது அந்த வரிசையில் தானும் போய் நிற்பதா?

ஒரு வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் செல்லி தன் ஒற்றைக் கறவை மாட்டோடு வந்தாள். புருஷன் இல்லாதவள். "அண்ணா, நீங்க சொல்ற வெலதான்" என்று கயிற்றைக் கொடுத்தாள். ஆனேக்கல்லிலிருந்து வந்த வியாபாரி துண்டுக்குள் கை நீட்டினான். நாற்பதாயிரத்துக்கு மேல் எத்தனை ஆயிரம் என்பதுதான் பேச்சு. அவன் முகத்தை முகக்கவசம் மறைத்திருந்தது. முழங்கையும் அசைவில்லாமல் நின்றுவிட்டது. திம்மராயன் துழாவினார். பஞ்சு மூட்டைக்குள் கை விட்டது போல இருந்தது. வேர்த்துக் கொட்டியது.

"நாலு! முடிஞ்சது!" என்று கையைத் தட்டினார்.

"ஏனு நாலு? எரடு ஸ்வாமி, எரடே!" வியாபாரி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக் கன்னடத்தில் கத்தினான்.

கூட்டம் கூடிவிட்டது. "நடுவுல ரெண்டாயிரம் உருவப் பாத்தான்யா தரகன்" என்றான் ஒருவன். "இல்லப்பா, ஆளு நிக்கறதப் பாரு, ஊத்திக்கினு வந்திருக்கான்" என்றான் இன்னொருவன்.

திம்மராயன் வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டவரில்லை. கை மரத்துப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை ஒருத்தனும் அவர் துண்டுக்குள் கை நீட்டமாட்டான்.

"ஆமாய்யா, குடிச்சிருக்கேன். அதுக்கு என்னா இப்ப?" என்றார். செல்லிக்குக் குறைந்த பணத்தை மடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "குடிக்காத மனுசன்னு தானே அண்ணா ஒன்ன நம்பி வந்தேன்" என்றாள். மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

சந்தை ஓரத்தில் மூக்கணாங்கயிறு விற்கும் ஷேக் தாவூத்தின் கடைக்கு வந்து விழுந்தார். ஒன்றாகத் தொழிலுக்கு வந்த கூட்டாளி. பாய்க்கும் சர்க்கரைதான். அவர் சர்க்கரை போடாத டீ குடிப்பதை வாரம் தவறாமல் கேலி செய்வார் திம்மராயன்.

குடித்த சேதி அவருக்கு முன்னால் அங்கே வந்திருந்தது. பாய் குனிந்து முகர்ந்து பார்த்தார். "டேய், நீ எப்படா குடிச்ச? நாத்தமே இல்லியே. யாருகிட்ட கத வுடற?"

"பாய், கையக் குடு."

"என்னாத்துக்கு?"

"குடுன்னா குடேன்." திம்மராயன் தானே துண்டை எடுத்து இருவர் கையின் மேலும் போட்டார். அந்தக் காலம் மாதிரி கண்ணை மூடினார். "வெல சொல்லு பாய்."

பாய் மூன்று விரலைப் பிடித்தார்.

"சொல்லேன்யா."

"சொல்லிட்டேன்டா."

"இல்ல, வெளையாடாத. நல்லாப் புடி."

பாய் இறுக்கிப் பிடித்தார். நகத்தைப் பதித்தார். திம்மராயன் இல்லை என்று தலையை ஆட்டினார். நரம்பு புடைக்க மறுபடி அழுத்தினார் பாய். பிறகு துண்டை லேசாகத் தூக்கிப் பார்த்தார். நகம் பதிந்த இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. மெதுவாகக் கையை உருவிக்கொண்டு, "வா திம்மராயா, ஆசுபத்திரிக்குப் போலாம். இப்பவே போலாம், நானும் வர்றேன்" என்றார்.

திம்மராயன் கண்ணைத் திறக்கவில்லை. மடியில் கிடந்த துண்டுக்குள் அவர் கை மட்டும் தனியாக நீட்டியபடி இருந்தது.

"போலாம் பாய். இன்னும் ஒரே ஒருவாட்டி அழுத்து. உணர்ச்சி வர்ற மாதிரி இருக்குது. வுட்றாத, அழுத்து."