எழும்பினால் இருட்டு

முதன்முதலாக என்னைச் சாய்வுமேசையில் (நோயாளியைப் பட்டைகளால் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தும் பலகை) ஏற்றியபோது, எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரம் மங்கியது. பிறகு சுவரே மங்கியது. காதுக்குள் ஒரே இரைச்சல். “அண்ணாச்சி, என்னையப் பாருங்க” என்று பிசியோதெரபிஸ்ட் ஷைனி சொன்னது எங்கோ கேட்டது. கண் விழித்தபோது மறுபடி படுத்திருந்தேன். சட்டையெல்லாம் வாந்தி.

தோவாளைச் சந்தையில் பூ ஏலம் விடுவது என் தொழில். நின்றே பிழைத்தவன். ஒரு மழைநாளில் வண்டியிலிருந்து பூமூட்டை இறக்கும்போது வழுக்கி விழுந்து முதுகுத் தண்டுவடம் நசுங்கியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் கால்களில் பாதி உயிர் வந்தது. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் சேர்த்தார்கள். நடக்கத்தான் பாடுபட வேண்டும் என்று நினைத்துப் போனேன். தலை நிமிர்வதே பெரும்பாடாக இருந்தது.

இதற்கு நிலைமாற்றத் தாழ்அழுத்தம் (எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று விழுவது) என்று பெயர். நல்ல உடம்பில், எழுந்ததும் ரத்தக் குழாய்கள் தாமே சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். தண்டுவடம் அடிபட்டவனுக்கு அந்த உத்தரவு போய்ச் சேராது. ரத்தம் காலிலும் வயிற்றிலும் தேங்கிவிடும்.

வயிற்றில் பட்டை, காலில் இறுக்கமான உறை, நிறையத் தண்ணீர், எழுவதற்கு முன் உட்கார்ந்து காத்திருத்தல். இவ்வளவுதான் வைத்தியம். அப்படியும் மயங்கினால் உடனே மல்லாக்கக் கிடத்திக் காலைத் தூக்க வேண்டும். இதை என் மனைவி பகவதிக்கும், மகள் சுதாவுக்கும், அண்ணனுக்கும் ஷைனி செய்துகாட்டிப் பழக்கினாள். சுதா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அண்ணன் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

சுதாவின் கல்யாணம் நெருங்கியது. தாரை வார்க்க நான் நிற்க வேண்டும். “சேர்ல இருந்தே செய்யுங்க, ஒண்ணும் குறைஞ்சிராது” என்றார் டாக்டரம்மா.

அண்ணன் கேட்கவில்லை. “இருந்து தாரை வார்த்தா சம்பந்தக்காரன் என்ன நெனப்பான்? தகப்பன் சீக்காளின்னு மண்டபமே பேசாதா?”

எனக்கும் அதே ஆசைதான், மறைப்பானேன்.

கொட்டாரத்தில் மண்டபம். அன்று காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. தொடையில் கட்டியிருந்த, குழாய்வழிச் சிறுநீர் சேரும் பை நிறைந்து பட்டுவேட்டிக்குள் புடைக்குமே என்ற வெட்கம். சட்டை உப்புகிறது என்று வயிற்றுப் பட்டையையும் அண்ணன் அவிழ்த்து வைத்துவிட்டார்.

மணவடையில் (மணமேடையில்) அவரும் மச்சினனும் இரண்டு பக்கமும் பிடிக்க, நின்றேன். சுதாவின் கையைப் பிடித்தபடி தண்ணீர்க் கிண்டியைச் சாய்த்தேன். முதலில் விளக்கு மறைந்தது. பிறகு மாப்பிள்ளையின் முகம். காது கடைசியில்தான் அடங்கும் என்பதால் எல்லாவற்றையும் கேட்டேன்.

“கெடத்துங்க! அவியளக் கீழ கெடத்துங்க!” என்று பகவதி கத்தினாள்.

“ஏட்டி, சும்ம கெட!” என்றார் அண்ணன். “சாவக் கெடக்கவனத்தான் தரையில கெடத்துவாவ. மணவடையில கெடத்தவா சொல்லுதே? தாலி ஏறட்டும்.”

எங்கள் பக்கத்தில் உயிர் பிரியப்போகிறவரைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குவது வழக்கம். கல்யாண வீட்டில் அதைச் செய்ய அண்ணனுக்கு மனம் வரவில்லை. என் அக்குளில் கை கொடுத்து இன்னும் நிமிர்த்தினார். மிச்சத் தண்ணீரையும் என் கையைப் பிடித்து அவரே ஊற்றினார். கொட்டுச் சத்தமும் பெண்களின் குரவையும் எழுந்தன. பகவதியின் குரல் அதற்குள் அமுங்கிப் போயிற்று.

பிறகு வலிப்பு வந்ததாம். ஸ்கேனில் மூளையின் பின்பகுதியில் ஒரு பக்கம் ரத்தம் போகாமல் செத்திருந்தது. இப்போது இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பாதி தெரியாது. இலையில் பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு முடிந்தது என்று கை கழுவுகிறேன். “மயங்கினவர ஏன் நிக்க வச்சீங்க?” என்று டாக்டரம்மா கோபமாகக் கேட்டார்.

கல்யாண வீடியோவில் நான் நிற்கிறேன். தலை தொங்குகிறது. மகளைப் பிரிகிற துக்கம் என்று பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். “தம்பி நின்னேதான் தாரை வார்த்தான்” என்று அண்ணன் இன்றும் பெருமையடிக்கிறார். அவரை மன்னிக்க எனக்கு மனமில்லை.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மயக்கம் வந்தால் கோயிலோ மணவடையோ, தரையில் கிடத்தச் சொல்லுங்கள். கிடத்தத் துணியாதவர் கையில் உங்களை ஒப்படைக்காதீர்கள்.

எனக்கு இப்போது எழுவது பாதிக் காலைப்பொழுதின் வேலை. தலையணையை உயர்த்தி, காத்திருந்து, காலைத் தொங்கவிட்டு, மறுபடி காத்திருக்க வேண்டும். அவசரம் என்ற சொல்லே உடம்புக்கு மறந்துவிட்டது. மணவடையில் கண் இருண்ட அந்த நேரத்தில் காதில் விழுந்தது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது, பார்த்தது இல்லை. அதைச் சுதாவிடம் கேட்டேன்.

“கை சில்லுன்னு போச்சுப்பா. மொகத்தப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்சுது.”

“பின்னே?”

“தாலி கெட்டி முடியட்டும்னு இருந்துட்டேன்.”

இப்போதும் அவள் வாரந்தோறும் வருகிறாள். வந்தால் என் இடப்பக்கமாகவே உட்காருகிறாள். இந்தப் பக்கம் வா மக்கா என்று நான் கூப்பிடுவதில்லை.