கல்லெறி பொறிக்கு எண்ணெய் வைத்தவர்

பீல் நகரத்தில் கைக்கடிகாரக் கூடுகளுக்கு மெருகு போடும் தொழிற்சாலையில் குகதாசனைப் போல இன்னொரு உதவிக்காரர் கிடையாது. யாராவது தும்ம நினைத்தாலே கைக்குட்டையோடு முன்னால் நிற்பார். கேட்காத உதவியைச் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. 1987இல் அந்தக் குணம்தான் அவரைக் கவிழ்த்தது.

தொழிற்சாலையில் அவருக்கு மேற்பார்வையாளராக இருந்த போர்மன் ஸ்பின்டென், ஓய்வுக்கு ஒரு வருடமே மிச்சமுள்ள மனிதர். குகதாசனின் அகதி விண்ணப்பத்துக்காகத் தலைநகர் பெர்னில் உள்ள அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். அவருக்கு ஒரேயொரு பைத்தியம்: பழங்காலக் கல்லெறி பொறி. வரலாற்றுச் சங்கத்தின் விழாவில் எறிந்து காட்டவென்று இரண்டு வருடமாக ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். ஞாயிறுகளில் மரம் தூக்கிக் கொடுக்கக் குகதாசன் போவார்.

மரம் தூக்கும்போதே ஸ்பின்டெனின் கதையும் நடக்கும். முதலில் கிரேக்கர்கள் பெரிய வில்லை வைத்துத்தான் எறிந்தார்களாம். வில் போதாமல் போக, நரம்பையும் மயிரையும் கயிறாகத் திரித்து முறுக்கி, அதற்குள் எறிமரத்தைச் செருகினார்களாம். முறுக்குத்தான் பலம். ரோமர்கள் கார்த்தேஜ் நகரை வளைத்தபோது, உள்ளே இருந்த பெண்கள் இந்தக் கயிற்றுக்காகத் தங்கள் கூந்தலையே வெட்டிக் கொடுத்தார்களாம். ஸ்பின்டெனின் கயிறு குதிரைவால் மயிர். சுற்றுவட்டாரத்தில் வாலோடு ஒரு குதிரையும் மிஞ்சவில்லை.

குகதாசனுக்கு மனம் பொறுக்கவில்லை. மயிரை இப்படிக் காய விடுவதா? அறுந்துவிடாதா? விழாவுக்கு முதல் நாள் யாருமில்லாத நேரம் பார்த்துப் போனார். ஒரு போத்தல் தேங்காயெண்ணெயை, மணப்பெண்ணின் கூந்தலுக்கு வைப்பது போல, இழை இழையாகத் தேய்த்து ஊற வைத்தார்.

மறுநாள் ஊரே திரண்டிருந்தது. ஸ்பின்டென் எறிமரத்தை இழுத்து விட்டார். எண்ணெயில் ஊறிய கயிறு வழுக்கி முறுக்குக் கழன்றது. மரம் ஒரு கொட்டாவி விட்டது. கல் மூன்றடி தள்ளி, சங்கத் தலைவரின் கேக்கில் விழுந்தது. சனம் சிரித்த சிரிப்பில் பீல் ஏரி ஒரு முழம் உயர்ந்திருக்கும்.

ஸ்பின்டென் சிரிக்கவில்லை. "என்ர கணக்குத்தான் பிழை," என்றார்.

இரண்டு வாரம் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் கணக்குத் தாளோடு கிடந்தார். வரும் ஞாயிறு பொறியை விறகாக அறுத்துவிட்டுச் சங்கத்தை விட்டு விலகப் போவதாகச் சொன்னார். சொல்லிவிடக் குகதாசன் வாயைத் திறப்பார். பெர்னுக்குப் போன கடிதம் நினைவில் வந்து வாயை மூடிவிடும்.

சனிக்கிழமை மனைவி புனிதவதி பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, என்ர தேங்காயெண்ணெய்ப் போத்தல் எங்கை?"

"பூசிப்போட்டன்."

"உங்கட தலையிலயோ? அங்கை பூச என்ன கிடக்குது?"

"குதிரை மயிருக்கு."

கதை முழுவதையும் கேட்டவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"அந்த மனிசன் தன்ர மூளையிலதான் பழுதெண்டு நினைச்சுக்கொண்டிருக்குது. நீங்கள் வாய் திறவாமல் இருக்கிறியள்."

"கடிதத்தைத் திருப்பி வாங்கிப்போட்டாரெண்டால்?"

"வாங்கட்டும். சொல்லாமல் இருந்து உங்களுக்குச் சோறு இறங்குதோ?"

இறங்கவில்லை.

ஞாயிறு, வெறும் போத்தலோடு போனார். ஸ்பின்டென் கையில் மரம் அறுக்கும் வாள் இருந்தது. குகதாசன் தனக்குத் தெரிந்த நாற்பது ஜெர்மன் சொற்களையும் செலவழித்து, பொறிக்கு விடைகொடுக்கக் கூடியிருந்த சங்கத்தார் முன்னால் ஒப்புக்கொண்டார். கிழவர் போத்தலை மோந்து பார்த்தார். கயிற்றை மோந்து பார்த்தார்.

"ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"கடிதம்... பயம்."

"அதில உன்னை நேர்மையான ஆள் எண்டு எழுதினனான்," என்றார் ஸ்பின்டென். "ரெண்டு கிழமையா அது பொய்யாக் கிடந்தது."

கேக்கில் விழுந்த கல் குகதாசனின் நெஞ்சில் விழுந்தது. கிழவர் வாளைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாளியை நீட்டினார். கை விறைக்க விறைக்க, சவர்க்காரம் போட்டு, நாலு ஞாயிறு குகதாசன் மயிர் கழுவினார்.

வசந்தத்தில் கல் எண்பது அடி பறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். குகதாசன் தட்டவில்லை. காற்றுத் திரும்பும்போதெல்லாம் கயிற்றிலிருந்து தேங்காயெண்ணெய் மணந்தது.