முகத்துவாரத்தைத் திறந்த ஒரு நாள்

'பன்னாட்டு ஒத்துழைப்பு' என்கிற இரண்டு வார்த்தைகளை நான் எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன் என்று தெரியாது. இப்போது யாராவது மேடையில் அதைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறு வருஷம் அந்த வார்த்தைகளில்தான் சம்பளம் வாங்கினேன் என்பதால் கோபத்தில் பாதி என்மேலும் விழுகிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கடலூர்த் துறைமுகத்துக்குத் தெற்கே, ஆறு கடலில் விழும் இடத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பங்கழிக்குள் வளரும் இறால் குஞ்சுகள் தை மாதம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும். அங்கே போய்ப் பெருத்த பிறகுதான் அவை வலைக்கு வர வேண்டும். அதற்காக எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. பொங்கல் கழிந்ததிலிருந்து மாசி மகம் வரை முகத்துவாரத்தில் யாரும் வலை இறக்கக் கூடாது. மீறினால் அபராதம் கட்ட வேண்டும், வலையையும் கோயில் வாசலில் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். சித்திரையில் அரசாங்கம் விசைப்படகுகளுக்குப் போடும் தடை வேறு. இது ஊர் தனக்குத் தானே போட்டுக்கொண்டது. யாரும் எழுதி வைத்ததில்லை, ஒரு பெயர்கூட வைத்ததில்லை.

எனக்கு ஒரே அண்ணன். அப்பா போன பிறகு அவர் கட்டுமரத்தில் சம்பாதித்துத்தான் என்னைச் சிதம்பரத்தில் விலங்கியல் படிக்க வைத்தார். அவருடைய பிழைப்பு முழுக்க முகத்துவாரத்துக்கு வெளியே, கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற கடலில்தான். உள்ளே வளர்ந்தது பத்திரமாக வெளியே வந்தால் அவருக்குச் சோறு. வராவிட்டால் இல்லை. கல்லூரியில் இறாலின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து பாகம் குறித்தபோது எனக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

2004 டிசம்பரில் சுனாமி வந்தது. கட்டுமரம் போயிற்று, வலை போயிற்று, அண்ணன் பிழைத்தார். அதற்கப்புறம் எங்கள் ஊர் மண்ணில் கால்படாத தேசம் இல்லை. சட்டையில் சின்னம் குத்திய வெள்ளைக்காரர்கள் காரை விட்டு இறங்கியபடியே இருந்தார்கள். அப்படி வந்த ஒரு நிவாரண அமைப்பு சிதம்பரத்தில் அலுவலகம் திறந்து, ஆங்கிலம் தெரிந்த மீனவப் பெண் வேண்டும் என்று தேடியது. நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். ஊரில் என்னை 'ஆபீசர்' என்று கிண்டல் செய்தார்கள். உள்ளூர எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

அமைப்பு ஃபைபர் படகுகள் கொடுப்பதாகச் சொன்னது. யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்று பட்டியல் கேட்டார்கள். எங்கள் ஊரில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஊருக்கு வரி கட்டுவார்கள். வெளியிலிருந்து ஊருக்கு எது வந்தாலும் வரி கட்டுகிற எல்லோருக்கும் சமமாகப் பிரியும். கருவாடாக இருந்தாலும் சரி, படகாக இருந்தாலும் சரி. அதனால் தையல்கடை வைத்திருந்தவருக்கும் படகில் பங்கு வந்தது, சிங்கப்பூரில் இருந்தவருக்கும் வந்தது. சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிடப் படகு ஜாஸ்தி ஆயிற்று. அவற்றோடு பெட்டி பெட்டியாக வலை வந்தது. விரல் நுனிகூட நுழையாத சின்னக் கண்ணி வலை. எங்கள் ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வாங்கவே மாட்டார்கள். "இத வெச்சி என்னா பண்றது, கொசுவலையா கட்டிக்கிறதா?" என்று அண்ணன் கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. தானம் வாங்கும் இடத்தில் பேசுகிற பேச்சா என்று இருந்தது எனக்கு.

படகு வந்தும் இன்ஜின் வரத் தாமதமானது. வந்து சேர்ந்தபோது சுனாமிக்கு ஒரு வருஷம் கழித்து வந்த பொங்கலும் கழிந்திருந்தது. கொடுத்தவர்களுக்கு அவசரம். படகுகள் ஓடுகின்றன, வலையில் மீன் விழுகிறது என்று மாதம் முடிவதற்குள் படம் அனுப்ப வேண்டும், அனுப்பினால்தான் அடுத்த தவணை. வெளிநாட்டுப் புகைப்படக்காரர் ஒருவர் சிதம்பரத்தில் வந்து இறங்கினார். அலையைத் தாண்டி வெளிக்கடலுக்கு ஒருமுறை கூட்டிப்போனதில் மனிதர் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். முகத்துவாரத்தில் தண்ணீர் ஆடாமல் இருந்தது, பின்னால் பச்சையாகச் சதுப்புக் காடு. அங்கேதான் எடுக்க வேண்டும் என்று விரலை நீட்டினார்.

ஊர்த்தலைவர் எனக்கு மாமா முறை. பஞ்சாயத்தில் பெண்கள் போய் நிற்க முடியாது, அதனால் வீட்டுக்குப் போய்ப் பேசினேன்.

"மொகத்துவாரத்துலியா? மகம் வரைக்கும் அங்க வல எறக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

"ஒரு நாளைக்குத்தான் மாமா. படம் புடிச்சிட்டுப் போயிடுவாங்க."

"ஒரு நாளுதான?"

"ஒரே நாளு."

அவர் யோசித்தார். அடுத்த தவணையில் ஏலக்கூடம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தது அவர் மனதில் ஓடியிருக்கும். என் மனதில் ஓடியது இன்னும் கேவலம். இதை முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரமாகும் என்று நினைத்தேன்.

ஒரு படகை மட்டும் அனுப்பலாம் என்றுதான் பேசியிருந்தோம். ஒருவனுக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும் என்று ஊர் சொன்னது. சமம் என்றால் சமம். காலையில் அத்தனை படகும் முகத்துவாரத்தில் நின்றன. அண்ணன் வர மாட்டேன் என்றார். நான் கெஞ்சிய பிறகு வந்தார். அவர் முகம் படத்துக்கு நன்றாக இருக்கிறது என்று புகைப்படக்காரர் அவரையே முன்னால் நிறுத்தினார்.

வலையைத் தூக்கியபோது உள்ளே இருந்தது இறால் இல்லை, இறால் ஆகப்போவது. நகம் அளவு, கண்ணாடி மாதிரி, குவியல் குவியலாக. ஒரு வருஷமாகக் கையில் காசு பார்க்காத ஊர் அது. கோழித்தீவனத்துக்கு எடுக்கும் வியாபாரி மத்தியானமே லாரியோடு வந்து நின்றார். மறுநாள் காலையிலும் படகுகள் முகத்துவாரத்துக்குப் போயின. தலைவர் கூட்டம் போட்டுச் சத்தம் போட்டார். "நேத்து சரியா இருந்தது இன்னைக்கு எப்படித் தப்பாவும்?" என்று ஒரு பையன் கேட்டான். அந்த வருஷம் மாசி மகத்துக்குச் சாமி கடலாட வந்தபோது முகத்துவாரத்தில் வலை கிடந்தது. அடுத்த வருஷமும் கிடந்தது.

படம் காலண்டரில் வந்தது. 'மீண்டது வாழ்வு' என்று கீழே தமிழில் போட்டவள் நான். அண்ணி அதைச் சுவரில் மாட்டினார். அண்ணனுக்கு வருஷா வருஷம் மீன்பாடு குறைந்தது. கடலூர் துறைமுகத்தில் அடுத்தவர் விசைப்படகில் கூலிக்குப் போக ஆரம்பித்தார்.

நிவாரண அமைப்பு மூட்டை கட்டியது. மூன்று நான்கு வருஷம் கழித்து, கடல்வாழ் உயிரினங்களைக் காப்பாற்றப் பல நாடுகள் சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தன. அலுவலகம் மறுபடியும் சிதம்பரத்தில். பழைய ஆள் என்று என்னையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் சுவரொட்டிக்கான வாசகம் மின்னஞ்சலில் வந்தது. படம் இல்லை, எழுத்து மட்டும். 'இவரைப் போன்ற மீனவர்கள் அறியாமையால் குஞ்சுகளை அழிக்கிறார்கள். இவருக்கு நாம் கற்றுக்கொடுப்போம்.' இந்த 'இவர்' யார் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. காப்பிக்குப் போகும் முன் முடித்து அனுப்பிவிட்டேன்.

சிதம்பரம் மேலவீதி லாட்ஜ் ஒன்றின் கூட்ட அரங்கில் பயிலரங்கு. மேசைமேல் குட்டிக் குட்டியாக நாட்டுக் கொடிகள். எங்கள் ஊர் சார்பில் தலைவரையும் அண்ணனையும் இன்னும் சிலரையும் நான்தான் அழைத்து வந்திருந்தேன். உள்ளே நுழைந்தால் மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு அண்ணன் நிற்கிறார். காலண்டரில் வந்த அதே படம். அதே வலை, அதே குஞ்சுகள், அதே சிரிப்பு. கீழே என் தமிழ்.

அண்ணன் நின்று அதை முழுக்கப் படித்தார். பிறகு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, பாடம் நடத்த வந்திருந்த வெளிநாட்டு நிபுணர் பக்கத்தில் நின்றேன்.

நிபுணர் திரையில் வட்டம் போட்டுக் காட்டினார். மழைக்காலத்துக்குப் பிறகு சில வாரங்கள் முகத்துவாரத்தை மூடிவைத்தால் இறால் பெருகும், இது பல நாடுகளில் வெற்றி பெற்ற புதிய முறை என்றார். நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அரங்கில் சிரிப்பு கிளம்பியது. தலைவர் எழுந்தார். "ஐயா, இது எங்க ஊரு கட்டுப்பாடு. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இருந்திச்சி" என்றார். நிபுணருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எவ்வளவு அருமையான மரபு, ஏன் கைவிட்டீர்கள் என்று கேட்டார்.

நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். தலைவர் என்னைப் பார்த்தார். அரங்கில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் நிபுணர் பக்கம் திரும்பி, வாழ்வாதார நெருக்கடிதான் காரணம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். தலைவர் வாயே திறக்காத பதில் அது. நானே இட்டுக்கட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

தேநீர் நேரத்தில் நிபுணரை ஓரமாக நிறுத்தி உண்மையைச் சொன்னேன். உங்களுக்குப் படம் வேண்டும் என்றுதான் திறந்தோம், அதில் நிற்பவர் என் அண்ணன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார். அது வேறு அமைப்பு, நாங்கள் படத்தைப் பொதுவான சேமிப்பிலிருந்துதான் எடுத்தோம் என்றார். இரண்டு அமைப்புகளின் தாளிலும் கீழே அச்சாகியிருந்த நன்கொடை நாடுகளின் சின்னங்கள் ஒன்றுதான். சுட்டிக்காட்டினேன். வருத்தமாக இருந்தால் முகத்தை மட்டும் மங்கலாக்கிவிடலாம் என்றார். கையில் இருந்த தேநீரை அவர் சட்டையில் ஊற்றாமல் வந்தது அண்ணன் பார்த்துக்கொண்டிருந்ததால்தான்.

அடுத்த வருஷம் முகத்துவாரத்தில் பெரிய பலகை நட்டார்கள். மூன்று மொழிகளில் எழுதி, வரிசையாகச் சின்னங்கள். தேதிகளை ஏதோ அட்டவணை பார்த்துப் போட்டிருந்தார்கள். மாசி மகம் என்ற வார்த்தையே அதில் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்து சட்டப்படி பதிவானது இல்லையாம், அதனால் கையெழுத்துப் போடப் புதிதாக ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் அதில் உறுப்பினர்கூட இல்லை. தடை ஆரம்பித்த முதல் நாள் பையன்கள் பலகையிலேயே படகைக் கட்டிவிட்டு வலை இறக்கினார்கள். பன்னாட்டுக் காசில் எங்களுக்கு ஒரு நல்ல கட்டுத்தறி கிடைத்தது.

கட்டுப்பாட்டை எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்று எண்ணி எழுத என்னை அனுப்பினார்கள். தினமும் கரையில் நின்று எண்ணினேன். கடலுக்குப் போகிற அத்தனை பேரில் முகத்துவாரப் பக்கம் போகாதவர் ஒரே ஒருவர். அண்ணன் அந்த வருஷம் கூலி வேலைக்கும் போகவில்லை. ஒரு பழைய கட்டுமரத்தை வாங்கி வைத்திருந்தார். கடல் விடுகிற நாளில் வெளிக்கடலுக்குப் போவார், மற்ற நாளில் கரையில் உட்கார்ந்து வலையைச் சீர் பார்ப்பார். பக்கத்துப் படகுக்காரன் கூடை கூடையாக இறக்குவதைப் பார்த்துவிட்டு அண்ணி வாய்விட்டே திட்டினார்.

எனக்கும் பொறுக்கவில்லை. "ஊரே போவுது. அவனுங்க பலகைக்கு நீ மட்டும் எதுக்குண்ணே மரியாத குடுக்குற?" என்றேன்.

"பலகைய யாரு பாத்தா?" என்றார். "ஊரு கட்டுப்பாட்ட ஊரு எடுக்கலியே. ஒரு நாளைக்குத்தான தொறந்தாங்க. அந்த ஒரு நாளு முடிஞ்சிப் போச்சி."

ஒரு நாள் என்று கேட்டு வாங்கியவள் நான். திரும்பிப் போய் பஸ் ஏறினேன்.

ஆண்டு அறிக்கையில் 'கடைப்பிடிப்போர்' என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்று எழுதினேன். கூடவே நான்கு வரியில் காரணமும் எழுதினேன். அவர் கடைப்பிடிப்பது திட்டத்தின் தடையை அல்ல, ஊரின் தடையை என்றும், பதிவில்லாத அந்தப் பஞ்சாயத்தோடு உட்கார்ந்து பேசாமல் இந்த முகத்துவாரம் மூடாது என்றும் எழுதினேன். தலைமை அலுவலகம் நான்கு வரியையும் அடித்துவிட்டது. ஒரே ஒருவர் என்பது புள்ளிவிவரத்தில் பொருட்படுத்தத்தக்கது அல்ல என்று குறிப்பெழுதி, கட்டத்தில் 'எவருமில்லை' என்று திருத்தித் தமிழாக்கத்துக்கு எனக்கே திருப்பி அனுப்பியது.

செய்ய மாட்டேன் என்று பதில் போட்டேன். சென்னையிலிருந்து வேறு ஒரு ஆளை வைத்து மூன்று நாளில் முடித்துக்கொண்டார்கள்.