தாய்மாமன் அழித்த நாலு வரி

அண்ணன் எழுதிய எதையும் இசக்கிசெல்வி படித்ததில்லை. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழியில் நேந்திரம் சிப்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு, சாரல் காலத்தில் கொதிக்கிற எண்ணெயை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. மற்ற மாதங்களில் ஆள் வராத கவலை. அண்ணன் லிங்கேஸ்வரன் பதினோரு புத்தகம் எழுதியவர். ஊரும் அவளைப் போலத்தான், ஒன்றையும் தொட்டதில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாத மனுஷன் என்ற மட்டில் தென்காசிக்கு அவரைப் பிடிக்கும்.

எல்லையில் சண்டை மூண்ட வாரம் அவர் பேஸ்புக்கில் நாலு வரி எழுதினார். போரை நிறுத்துங்கள், அந்தப் பக்கம் சாகிறவனுக்கும் அம்மா இருக்கிறாள் என்று. அவ்வளவுதான். பதினோரு புத்தகத்தைச் சீந்தாத ஊர் அந்த நாலு வரியை மனப்பாடம் செய்துவிட்டது. வாட்ஸ்அப்பில் தேசத் துரோகி என்றார்கள். ஆண்டு விழாவுக்கு அழைத்திருந்த பள்ளிக்கூடம் வரவேண்டாம் என்றது. வீட்டு வாசலில் ஒரு கூட்டம் வந்து கத்திவிட்டுப் போனது. வருத்தம் தெரிவித்துவிடுங்கள் என்று கூட்டாளிகளே கெஞ்சிப் பார்த்தார்கள். மனுஷன் அசையவில்லை.

இசக்கிசெல்வியும் இதெல்லாம் வேலையற்றவர்கள் சண்டை என்று வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள், சிவகிரியிலிருந்து மங்களேஸ்வரி போன் செய்கிற வரைக்கும். மகள் ஆனந்தவள்ளியைக் கட்டப்போகிற பையனின் அம்மா அவள். அவளுடைய இளைய மகன் ராணுவத்தில் இருக்கிறான்.

"மதினி, கோவிச்சுக்கிடாதீய. எம்புள்ள அங்கன குண்டுக்கு நடுவுல நிக்கான். நான் கண்ண மூடித் தூங்கி எத்தன நாளாச்சு! இங்கன ஒங்க அண்ணன் அந்தப் பக்கத்துக்குப் பரிஞ்சுகிட்டு எழுதுதாவ. அவுக கையப் புடிச்சுகிட்டு எம்மருமக மேடைக்கு வந்தா, எங்க ஆளுவ எந்திரிச்சுப் போயிருவாவ."

அவளைத் திட்டவாவது முடிந்ததா? பிள்ளையை அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவளிடம் என்ன சண்டை போடுவது.

புருஷன் செத்தபோது ஆனந்தவள்ளி கைக்குழந்தை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, காய்ச்சலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, காலேஜுக்குப் பஸ் ஏற்றிவிட்டது எல்லாம் அண்ணன்தான். தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடித்து அழைத்து வந்தால்தான் அவர்கள் வழக்கத்தில் பெண் மணமேடை ஏறும். அந்தக் கை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வாள்?

அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றாள். "யண்ணே, அத அழிச்சிரு. எனக்காக."

"வள்ளி கல்யாணத்துக்கா?" என்றார்.

அவள் தலையாட்டினாள். ஊரே சேர்ந்து அசைக்க முடியாத மனுஷன், அவள் கண் முன்னாலேயே போனை எடுத்து அழித்தார்.

மங்களேஸ்வரி அரைமனதாகச் சமாதானமானாள். ஆனால் மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா பேசினார். "தப்புன்னு தெரிஞ்சதுனாலதான அழிச்சிருக்காவ? இம்புட்டு நாள் சந்தேகமா இருந்தவனுக்கெல்லாம் இப்ப உறுதியாயிட்டு. அவிய வரவேண்டாம் தாயி."

அழித்த வரிகள் அதற்குள் போட்டோவாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தன, 'பயந்து ஓடிய எழுத்தாளர்' என்ற தலைப்போடு. அதுவரை அவருக்காக வாதாடிய நாலைந்து பேரும் கோழை என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கல்யாணமும் அவருக்கு இல்லை, சொன்ன சொல்லும் இல்லை. இரண்டையும் இசக்கிசெல்வியே தன் கையால் பிடுங்கிவிட்டாள்.

போனில் சொல்ல மனம் வராமல் நேரில் போனாள். சொல்லி முடித்ததும் லிங்கேஸ்வரன் ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப வள்ளியை யாரு கூட்டிட்டு வருவா?"

"நம்ம பெரியப்பா மவன் பாண்டி."

அவள் கிளம்பியபோது வாசல்வரை கூடவே வந்தார். "அவன் வேகமா நடப்பாம்லா. பட்டுச்சேல கட்டிக்கிட்டு இவ தடுக்கிருவா. மெதுவா நடக்கச் சொல்லு."

"சொல்லுதேன்ண்ணே" என்றாள்.