எருக்குழியும் டீச்சரம்மாவின் ரோஜாவும்

அதியமான்கோட்டையில் எங்கள் நிலத்தைச் சுற்றி மனை போட்டு வீடுகள் வந்துவிட்டன. அந்த வீட்டுக்காரர்களைத் தெருவில் பார்த்ததைவிட, நான் கீரை விற்கும் தர்மபுரி உழவர் சந்தையில் பார்த்ததுதான் அதிகம். தெருவில் கேட்டைச் சாத்திக்கொள்வார்கள். சந்தைக்கு மட்டும் நடைப்பயிற்சி ஷூவோடு வண்டியில் வந்து, கீரையை முகர்ந்து, "எரு போட்டதுதானேங்க?" என்பார்கள். கடை உரம் என்றால் தொடமாட்டார்கள்.

அவர்கள்தான் என் எருக்குழி நாறுகிறது என்று ஊராட்சியில் மனு கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும், இனிமேல் குழியே கூடாது என்று ஊராட்சியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாடுகளை வைத்து ஒரு வருடமாகச் சேர்த்த எரு. என் அரை ஏக்கர் கீரைக்கு அதுதான் சோறு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதன்கிழமை சந்தையில் கட்டிய கட்டுகளையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கீரை என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

அப்போது டீச்சரம்மா வந்தார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

"அக்கா, எரு போட்டதுதானேங்க?"

"போட்டதுதாங்க. நாறுதுன்னு எழுதிக் குடுத்தீங்களே, அதே எருதாங்க."

கீரையைப் போட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது.

"அப்ப என் ரோஜாச் செடிக்கு ரெண்டு கூடை குடுங்களேன்."

"மனுவத் திரும்ப வாங்கிக்கிறீங்களா?"

"அது வேறங்க, இது வேறங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை எப்படியும் அள்ளித்தானே ஆகவேண்டும்? விஷயம் தெரிந்து அவர் தெருவே பக்கெட்டோடு வந்து நின்றது. ஒருத்தரும் மூக்கைப் பொத்தவில்லை. மிச்சத்தைப் பக்கத்து ஊர்க்காரர் டிராக்டரில் ஏற்றிப் போனார். சாணியைக் கொட்ட இடமில்லாமல் மாடுகளையும் விற்றேன். அவை போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த விதைப்புக்குக் கடையில்தான் உரம் வாங்கினேன்.

போன வாரம் டீச்சரம்மா வந்தார். ஒரு கட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"எரு போட்டதுதானேங்க?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் இரண்டு கட்டு விற்றுப்போயிருக்கும். எனக்கு வாய் வரவில்லை.

"இல்லீங்க. எரு உங்க வூட்டு ரோஜாவுக்குப் போயிருச்சு. இது கடை உரங்க."

"அடடா" என்றார். கட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டார்.