பேர் விழுந்த சேதி

மருதாயிக்குப் பொன்னுத்துரை இரண்டு லட்ச ரூபாய் தர வேண்டியிருந்தது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை, வட்டியும் இல்லை. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த அவள் புருஷன் இறந்தபின் வந்த பி.எஃப். பணம் அது. பொன்னுத்துரையின் மகள் கலைமதி மேல்படிப்புக்கு ஸ்காட்லாந்து கிளம்பியபோது, பேங்க் லோன் போட்டு, இருந்த கேரட் காட்டையும் விற்று, அப்படியும் துண்டு விழுந்தது. மருதாயி தானாகவே கொண்டுவந்து கொடுத்தாள். "ராசகுமாரி உசுரோட இருந்தா எங்கிட்ட ஏன் வரப்போறீங்க? அவ இல்லாததுக்கு நான்" என்றாள். ராஜகுமாரி பொன்னுத்துரையின் மனைவி. இரண்டு பெண்களும் ஒரே தேயிலை நிரையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கொழுந்து பறித்தவர்கள்.

பொன்னுத்துரை லேசுப்பட்ட ஆள் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்து, பத்துப் பன்னிரண்டு வயசில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்பில் புழுத்த அரிசி தின்று, கீழ் கோத்தகிரி மலையில் வந்து விழுந்தவர். நாலாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு. காடு வெட்டினார், மூட்டை தூக்கினார், லாரி டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தே ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது தோட்டங்கள், சிறு விவசாயிகளின் பச்சை இலையை ஃபேக்டரிக்கு ஏற்றிப்போகும் சொந்த பிக்கப் வண்டிக்கு முதலாளி. பனிமூட்டத்தில் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் அவரைப் போல லோடு இறக்கினவன் ஒருத்தன் இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம். ஒரு கண்ணாடி உடைந்ததில்லை, ஒரு கூடை இலை சிந்தியதில்லை. எவன் தயவும் இல்லாமல் எழுந்து நின்ற மனுஷன்.

பார்லிமெண்டு என்ற சொல் மட்டும் அவருக்கு முள். இலங்கையில் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்த இடம் அது. "கொழும்புப் பார்லிமெண்டுல கை தூக்குனாய்ங்க, நமக்கு நாடு இல்லாமப் போச்சு" என்று அவருடைய அப்பா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கின கைகளில் ஒன்றுக்குக்கூட நம் முகம் தெரியாது என்பார். அதனால்தான், எடின்பரோவில் படிப்போடு சேர்த்து அந்த ஊர்ப் பார்லிமெண்டில் ஓர் உறுப்பினரின் ஆபீசில் சில மாதம் வேலை பழகப் போகிறேன் என்று கலைமதி சொன்னபோது, பொன்னுத்துரைக்குக் கால் தரையில் பாவவில்லை.

அங்கே வேலை பழகப் போன முதல் நாள் மகளிடமிருந்து போன் வந்தது, ஷெட்டில் இலை எடை போடும் நேரத்தில். இங்கே சாயங்காலம், அங்கே மதியச் சாப்பாட்டு வேளை. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"அப்பா, வந்ததுமே எம்பேரைப் போட்டுக் குடுத்துட்டாங்கப்பா!"

அவ்வளவுதான். ஷெட்டில் நின்ற பெண்கள் முகமெல்லாம் மலர்ந்தது. தோட்டத்துச் சனங்களுக்குப் பேர் என்றால் கூலி. காலையில் போய் நின்று பேர் விழுந்தால் அன்றைக்குச் சம்பளம். பாதி நாளில் திருப்பி அனுப்பினால் அரைப்பேர். பேர் இல்லையென்றால் அடுப்பு இல்லை.

"கேட்டீங்களா? வந்ததுமே பேரு விழுந்துருச்சாம். முழுப்பேரு!" என்றார் பொன்னுத்துரை.

"சம்பளம் அந்த ஊருக் காசுலயாண்ணே?" என்றாள் மருதாயி.

"பின்னே? பவுண்டுல, தங்கச்சி."

"பவுனுலயா! அடி ஆத்தே, அப்ப மாசம் ஒரு சங்கிலி செஞ்சுரலாமே."

ஷெட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பின் சூட்டில்தான் அவர் வாயைக் கொடுத்தார். "பங்குனி முடியறதுக்குள்ள ஒம் பணம் ஒங் கையில. பொன்னுத்துரை சொல்லு இது."

மருதாயிக்கு அந்தப் பணம் அப்போது உயிர். சித்திரையோடு அவளுக்கு வயசாகித் தோட்டத்தில் வேலை முடிகிறது. வேலை முடிந்தால் லயத்து அறையைக் காலி பண்ண வேண்டும். பிள்ளையும் இல்லை, போக்கிடமும் இல்லை. சுப்பண்ணன் என்பவர் ரோட்டு மேட்டில் இரண்டறை வீடு ஒன்றை அவளுக்கு ஒத்திக்குத் தருவதாகச் சொல்லிக் காத்திருந்தார். பங்குனிக் கடைசியில் அவரும் பொறுமை இழந்தார்.

மருதாயி இலைக்கூடையோடு ஷெட்டுக்கே வந்தாள். "அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள காசு வரல்லைன்னா குன்னூர்ப் பார்ட்டிக்குக் குடுத்துருவேங்கிறாரு."

"வந்துரும்."

"எனக்கென்னா பயம்? பேருதான் விழுந்துருச்சே. விழுந்த பேருக்குச் சம்பளம் வராமயா போகும்?" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, நிம்மதியாகப் போனாள்.

அன்றைக்குத்தான் அவர் மகளிடம் முதல்முறையாகச் சம்பளம் பற்றிக் கேட்டார். வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்பீக்கர் போடாமல் கேட்டார்.

"சம்பளமா? இது படிப்புல ஒரு பங்குப்பா. பஸ் காசும் மதியச் சாப்பாடும்தான் தருவாங்க."

"பேரு போட்டாங்கன்னியே?"

"அது கழுத்துல மாட்டுற அட்டைப்பா. உள்ள விடறதுக்கு எம்பேரைப் போட்டுக் குடுத்தது."

வளைவில் ஏறிவந்த பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"அப்பா? யாருகிட்டயாவது வாங்கியிருக்கியா? சொல்லு. இதை விட்டுட்டுக் கடையில வேலைக்குப் போயிர்றேன். சனி ஞாயிறு போறேன்ல, தெனமும் போறேன்."

"நான் எவங்கிட்டம்மா வாங்கப்போறேன்? ஒங்கப்பன் கை ஏந்தி நின்னதை ஒரு பய பாத்திருக்கானா?" என்று அதட்டினார். பிறகு குரலை இறக்கி, "அங்க என்னாதான் செய்யறே நீ?" என்றார்.

சனங்கள் எழுதும் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதுகிறேன் என்றாள். மலை ஊர் ஒன்றில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் வயசானவர்கள் தவிக்கிறார்களாம். அதைப் பற்றி இவள் எழுதிக் கொடுத்த கேள்வியை, அந்த உறுப்பினர் சபையில் எழுந்து நின்று கேட்டிருக்கிறார். மந்திரி பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"நீ எழுதுனதையா படிச்சாங்க?"

"ஒரு வார்த்தை மாத்தலப்பா."

"விடாத. முடிச்சிட்டு வா" என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்தபிறகும் வண்டியைக் கிளப்பாமல், ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கோத்தகிரியில் காய்கறி வியாபாரி லிங்கசாமியிடம் போய் நின்றார். லிங்கசாமி அந்த வண்டியை ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தவர். ஆனாலும் டயரை உதைத்துப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, வண்டிக்கு வயசாயிருச்சுங்களே."

"எனக்குந்தான் ஆச்சு. மேட்டுல மூணாவது கியர்ல ஏறுதா இல்லையான்னு பாருங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

ஏறியது. விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சாவியைக் கொடுக்கும்போது டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சாமிப் படத்தைப் பிய்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் டிக்கெட் எடுத்து ஊர் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை மருதாயியின் லயத்துக்கு நடந்தே போனார். பாதிச் சாமான் சாக்கில் கட்டிக் கிடந்தது.

"வாங்கண்ணே! மக அனுப்பிட்டாளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நாலு பேரிடம் சொல்வாள். ஊரில் அவர் தலை நிமிர்ந்தே இருக்கும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

"இல்ல. வண்டியக் குடுத்துட்டேன்."

மருதாயி எட்டி ரோட்டைப் பார்த்தாள். வண்டி நிற்கவில்லை. "பேரு விழுந்துச்சுன்னீங்க?"

"அங்க பேரு வேற, சம்பளம் வேற தங்கச்சி. அவளுக்குச் சம்பளமே கெடையாது. நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டு ஊரெல்லாம் அளந்து விட்டுட்டேன்."

"சம்பளமில்லாமயா புள்ளைய வேல வாங்குறாய்ங்க? நம்ம தொரமாரே அரைப்பேராச்சும் போடுவாய்ங்களே!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபிறகு சொன்னார்: "அவ எழுதுனதை அங்க எந்திரிச்சு நின்னு படிக்கிறாங்க, மருதாயி. ஒரு வார்த்தை மாத்தாம."

மருதாயியும் அந்தத் தோட்டங்களிலிருந்து வந்தவள்தான். வேறெதுவும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வண்டி இல்லாம என்னா செய்வீங்க?"

"லிங்கசாமிக்கு அந்த வண்டிய ஓட்ட ஆள் வேணும். என்னைய விட்டா எவன் இருக்கான்?"

"பாதி குடுங்கண்ணே. மீதிக்குச் சுப்பண்ணன்கிட்ட நான் கெஞ்சிக்கிறேன்."

"நீ எதுக்குக் கெஞ்சணும்? கையக் காட்டு."

மருதாயி முந்தானையில் கையைத் துடைத்தாள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த வெடிப்புகளோடு உள்ளங்கை விரிந்தது. பொன்னுத்துரை அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கட்டைப் பிரித்து, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை வாய்விட்டு எண்ணி ஒவ்வொன்றாக அதில் வைத்தார். கை நிறைந்தபோது அவள் மடியில் போட்டுக்கொண்டு மறுபடி விரித்தாள். கடைசித் தாளை வைத்துவிட்டு, அவள் விரல்களை அவரே மடக்கிவிட்டார்.