உலக்கையை ஒளித்த நாள்

என் பெரியப்பாவை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெர்மன்காரனோடு சண்டை நடந்த காலம். கறம்பக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு ஏழு வயது. தம்பிக்கு இரண்டரை வயதாகியும் நிற்கவில்லை, பேசவில்லை. ஆனால் ஆத்தா கைதட்டிப் பாடினால் போதும், தாளம் தப்பாமல் தலையை ஆட்டுவான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்ப்பான். அதற்காகவே அவள் விடிந்ததிலிருந்து தொண்டை கட்டும்வரை பாடுவாள்.

அப்பா காய்ச்சலில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அவள் மெல்ல ஆரம்பித்தாள். பெரியப்பா வாசலிலிருந்தே கத்தினார்.

"புருசனப் பறிகொடுத்தவளுக்கு என்ன பாட்டு வேண்டிக்கெடக்கு? வருசம் திரும்புற வரைக்கும் இந்த வீட்டுல பாட்டுச் சத்தமோ கைதட்டுற சத்தமோ கேக்கக்கூடாது!"

பெரிய நாட்டாமை! செத்தவர் அவருக்குத் தம்பி என்றால், இந்தப் பிள்ளை செத்தவருக்கு யாராம்? ஆத்தா பாட்டை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாளில் தம்பி துவண்டுவிட்டான். போட்ட இடத்திலேயே கிடந்தான்.

அதன் பிறகுதான் ஆத்தா நெல் குத்த ஆரம்பித்தாள். எங்கள் வீட்டு நெல், பெரியப்பா வீட்டு நெல், எல்லாம். தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, பொழுதெல்லாம் 'உஸ், உஸ்' என்று குத்தினாள். உள்ளங்கை கொப்புளித்து நீர் வடிந்தது.

"இப்பத்தான் குடும்பத்துக்கு ஏத்த பொம்பளையா இருக்கா" என்று பெரியப்பா மெச்சிக்கொண்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. மாடு மாதிரி வேலை வாங்குகிறார்களே! ஆத்தா அசந்த நேரம் பார்த்து, உலக்கையை இழுத்துக்கொண்டு போய் வைக்கோல் போருக்குள் செருகிவிட்டேன்.

அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. அன்று கன்னத்தில் விட்டாள் ஒன்று.

"எடுத்துட்டு வாடி பாவி! இப்பவே எடுத்துட்டு வா!"

அழுதுகொண்டே கொண்டுவந்து போட்டேன். யாருக்காகச் செய்தேனோ அவளே அடித்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம். அவள் என் பக்கம் திரும்பாமல் குத்தத் தொடங்கினாள். தம்பி அவளுடைய வெள்ளைச் சேலையைப் பிடித்து எழுந்து நின்றான். உலக்கை விழ விழ முழங்காலை மடக்கி மடக்கி ஆடினான். "உஸ்" என்றான். ஆத்தா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகக் குத்தினாள்.

இருந்த கோபத்தில் அதையெல்லாம் நான் சட்டை செய்யவில்லை. இந்தப் பாழாய்ப்போன நெல் எப்போதுதான் தீரும் என்று உரலுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு மணி நெல் இல்லை. வெறும் உமி.

ஆத்தாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். அதற்கும் சேர்த்துப் பெரியப்பாவை மனதுக்குள் வைதேன்.